செக்கோயா பார்க்கில் செக்கோயா இல்லையா?

கலிஃபோர்னியால செக்கோயா நேஷனல் பார்க்னு ஒண்ணு இருக்கு, 1890-ல ஆரம்பிச்சது. ஆனா அங்க நிக்கிற ராட்சத மரங்களோட அறிவியல் பெயர் இன்னைக்கு செக்கோயா இல்லை, செக்கோயாடெண்ட்ரான். பார்க் பெயர் அப்படியே இருக்கு, மரத்தோட பெயர் மாறிடுச்சு. ஏன்னு பார்ப்போம்.

கலிஃபோர்னியால ரெண்டு ராட்சத ஊசியிலை மரங்கள் உண்டு. கடலோர ரெட்வுட், உலகத்துலயே உயரமான மரம், 115 மீட்டரைத் தாண்டும். இன்னொண்ணு சியரா நெவாடா மலையில வளர்ற ராட்சத செக்கோயா, பருமன்ல அதுதான் முதல். ரெண்டுக்கும் தடிச்ச, செம்பழுப்புப் பட்டை. அதனால ரொம்ப காலம் ஒரே பேரினத்துல வச்சிருந்தாங்க.

ஜான் புக்ஹோல்ஸ்ங்கிற அமெரிக்கத் தாவரவியலாளர் விதைக்குள்ள கரு எப்படி உருவாகுதுன்னு பார்த்தார். பொதுவா ஊசியிலை மரங்கள்ல, கருவுற்ற முட்டையோட நியூக்ளியஸ் முதல்ல பிரியும், ஆனா நடுவுல சுவர் எழும்பாது. ராட்சத செக்கோயால எட்டு நியூக்ளியஸ் ஆன பிறகுதான் சுவர் வரும். ரெட்வுட்ல முதல் பிரிவிலேயே சுவர் வந்துடும். இது ஊசியிலை மரங்கள்ல ரொம்ப அபூர்வம். கூம்பு முதிர ரெட்வுட்டுக்கு ஒரு வருஷம், மற்றதுக்கு ரெண்டு வருஷம். இப்படிப் பல வித்தியாசங்களை வச்சு 1939-ல ராட்சத செக்கோயாவைத் தனிப் பேரினமாப் பிரிச்சார்.

அப்போ ரெண்டும் தூரத்துச் சொந்தமா? இல்லை. டிஎன்ஏ ஆய்வுகள் ரெண்டையும், சீனாவோட மெட்டாசெக்கோயாவையும் ஒரே கிளையிலதான் வைக்குது. ஒரே கோட்பேஸை ரெண்டா ஃபோர்க் பண்ணி, ஒண்ணுல மட்டும் ஸ்டார்ட்அப் வரிசையை மாத்தி எழுதின மாதிரி. கருவுல இருக்கிற வித்தியாசம் 'ரெண்டும் ஒண்ணு இல்லை'ன்னு சொல்லும். எவ்வளவு நெருக்கம்னு அது மட்டுமே சொல்லிடாது.

இது வெறும் பெயர்ப் பிரச்சினை இல்லைங்க. ரெட்வுட் எரிஞ்சாலும் வெட்டுப்பட்டாலும் அடியிலிருந்து திரும்பத் துளிர்க்கும். முதிர்ந்த ராட்சத செக்கோயா அப்படித் துளிர்க்காது, அதுக்கு விதை ஒண்ணுதான் வழி. மிதமான தீ வந்தா கூம்பு காய்ஞ்சு விரிஞ்சு விதை கொட்டும். தீ உக்கிரமானா விதையும் சேர்ந்து கருகிடும். 2020, 2021 காட்டுத்தீல மட்டும் பெரிய ராட்சத செக்கோயாக்கள்ல 13 முதல் 19 சதவீதம் அழிஞ்சதா பூங்காத் துறையோட மதிப்பீடு.

ரெட்வுட்டுக்கு வேர்ல ஒரு பேக்கப் இருக்கு. இதுக்கு அந்தச் சின்னக் கரு மட்டும்தான்.