விமானம் ஏறும் கொலு பொம்மைகள்



நவராத்திரிக்கு முந்திய வாரங்களில் சென்னையிலிருந்தோ மதுரையிலிருந்தோ வடக்கு நோக்கிப் புறப்படும் விமானங்களில் ஒரு காட்சியைத் தவறாமல் காணலாம். பிரயாணிகளின் வரிசையில் யாராவது ஓர் அம்மையார் அட்டைப் பெட்டி ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு நிற்பார். பின்னால் இருப்பவர் சற்று நெருங்கினால் உடனே ஒதுங்கிக் கொள்வார். பெட்டியில் என்ன இருக்கிறது என்று நாம் கேட்க வேண்டியதில்லை. பாற்குடம் சுமப்பவரைப்போல் அவர் நடக்கும் நடையே சொல்லிவிடும், உள்ளே மண் பொம்மை இருக்கிறது என்று.

பிற மாநிலங்களில் குடியேறி வாழும் நமக்கு இந்தப் பெட்டி இரண்டு கேள்விகளை எழுப்புகிறது. பொம்மையை உடையாமல் கொண்டு வருவது எப்படி என்பது ஒன்று. எந்தப் பொம்மையைக் கொண்டு வருவது என்பது மற்றொன்று. முதற்கேள்விக்குக் கைப்பழக்கம் விடை சொல்லும். இரண்டாவது கேள்வி அவ்வளவு எளிதன்று.

கொலு பொம்மைக்குப் பிரயாணம் புதிதல்ல. பிறந்த வீட்டிலிருந்து புகுந்த வீட்டுக்குப் போகும் மணமகளுக்கு ஆணும் பெண்ணுமாக ஒரு மரப்பாச்சிச் சோடியைக் கொடுத்தனுப்புவது நம் குடும்பங்களின் பழைய வழக்கம். பண்ணுருட்டியிலும் காஞ்சிபுரத்திலும் மதுரையை அடுத்த விளாச்சேரியிலும் கைவினைஞர்கள் வனைந்து வண்ணம் தீட்டிய பொம்மைகள், கொலு வைக்கும் வீடுகளுக்கு ஊர்கடந்து போய்ச் சேர்ந்தன. பிழைப்புக்காக நம்மவர் டில்லிக்கும் கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் போனபோது, வைக்கோல் திணித்த தகரப் பெட்டிகளில் அவையும் இரயிலேறின. சென்னையிலிருந்து டில்லிக்கு இருப்புப் பாதையில் ஏறத்தாழ 2,200 கிலோமீட்டர். இரண்டு இரவும் இடையே ஒரு பகலும் கழியும். தூங்கும் வசதிப் பெட்டியில் ஒருவருக்கு 40 கிலோ சாமானுக்கு அனுமதி உண்டு. நான்கு பேர் உள்ள குடும்பம் ஒரு படிக்கட்டுக் கொலுவையே இருக்கைகளுக்கு அடியில் அடுக்கிக்கொண்டு வந்துவிடலாம். எதை எடுப்பது, எதை விடுவது என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை.

விமானம் அந்தக் கேள்வியைக் கேட்கிறது. 1949-இல் சென்னை, டில்லி, பம்பாய், கல்கத்தா ஆகிய நான்கு நகரங்களிலிருந்தும் நள்ளிரவில் நாகபுரியில் வந்து கூடும் இரவுத் தபால் விமானங்கள் தொடங்கப்பட்டபோது, அவற்றில் பிரயாணிகளையும் ஏற்றினார்கள். அந்நாளில் விமானப் பிரயாணம் வசதி படைத்த சிலருக்கே உரியதாக இருந்தது. இன்று நடுத்தரக் குடும்பத்தினரும் மூன்று மணி நேரத்துக்குள் சென்னையிலிருந்து டில்லி வந்து சேருகிறார்கள். ஆனால் உள்நாட்டு விமானங்களில் பெரும்பாலும் கைப்பெட்டிக்கு 7 கிலோவும், ஒப்படைக்கும் பெட்டிக்கு 15 கிலோவுமே இலவச அளவு. சாண் உயரமுள்ள மண் பொம்மைகள் சிலவற்றை அட்டையும் பஞ்சுமாகப் பொதிந்தாலே அந்த 7 கிலோ நிரம்பிவிடும். இரயில் கேட்காததை விமான நிலையத்துத் தராசு கேட்கிறது.

பொம்மைகளோடு ஊர் ஊராகச் சுற்றியவர்களுள் டில்லிவாசிகள் நன்கறிந்த ஒருவர் கேலிச்சித்திரக் கலைஞர் சங்கர் பிள்ளை. 1950-களின் தொடக்கத்தில், அவர் நடத்திய குழந்தைகள் போட்டிக்குப் பரிசாக ஹங்கேரி நாட்டுத் தூதர் ஒரு பொம்மையை அளித்தார். அதன் அழகில் ஈடுபட்ட சங்கர், பிரதமர் நேருவுடன் சென்ற பத்திரிகையாளர் குழுவில் வெளிநாடுகளுக்குப் போகும்போதெல்லாம் பொம்மைகளை வாங்கிச் சேர்க்கத் தொடங்கினார். ஏறக்குறைய 500 பொம்மைகள் சேர்ந்தன. குழந்தைகளின் ஓவியங்களோடு அவற்றையும் பல ஊர்களுக்குக் கொண்டு சென்று காட்சிக்கு வைத்தார். ஓயாமல் கட்டுவதும் பிரிப்பதுமாக இருந்ததில் பல பொம்மைகள் சேதமுற்றன. டில்லிக் கண்காட்சியை நேருவுடன் காண வந்த இந்திரா காந்தியிடம் அவர் இந்தக் குறையைச் சொல்ல, இவற்றுக்கு நிலையான ஓர் இல்லம் வேண்டும் என்ற யோசனை அங்கே பிறந்தது. 1965 நவம்பர் 30-ஆம் நாள், பகதூர் ஷா ஜாபர் மார்க்கத்திலுள்ள நேரு இல்லத்தில், சங்கரின் பன்னாட்டுப் பொம்மைக் காட்சிசாலையைக் குடியரசுத் தலைவர் இராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். எத்தனை அக்கறையோடு எடுத்துச் சென்றாலும் பொம்மைக்குப் பிரயாணம் ஒரு சோதனைதான் என்பதை அவர் அனுபவம் நமக்குக் காட்டுகிறது.

அந்தச் சோதனை எங்கே நிகழ்கிறது? மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையுமே, உள்ளே கூடாக இருக்கும் மண் பொம்மை விரிந்து வெடித்துவிடாதா என்று சிலர் அஞ்சுவதுண்டு. அந்த அச்சம் வேண்டாம். விமானம் எத்தனை உயரத்தில் பறந்தாலும், உள்ளே உள்ள காற்றழுத்தம் ஏறத்தாழ 8,000 அடி உயரமுள்ள மலையின் அழுத்தத்துக்குக் கீழே போகாதபடி காக்கப்படுகிறது. உதகமண்டலம் சென்று வந்த பொம்மைக்கு என்ன நேர்ந்ததோ அதுவே இங்கும் நேரும். அச்சில் வார்த்த மண் பொம்மைகளின் அடிப்பக்கம் பெரும்பாலும் திறந்தேயிருக்கும். சுட்ட மண்ணிலும் நுண்துளைகள் உண்டு. எனவே பொம்மை வானத்தில் உடைவதில்லை. பெட்டியை வண்டியில் எறியும்போதும், ஓடும் பட்டையில் பெட்டிமேல் பெட்டி விழும்போதும் தரையில்தான் உடைகிறது.

ஆகவே, விழுந்தாலும் தாங்கும்படி கட்ட வேண்டும். பொம்மையின் பலவீனமான இடங்கள் கழுத்தும், நீட்டிய கையும், புல்லாங்குழலும் வில்லும் போன்ற மெல்லிய உறுப்புகளும். முதலில் இவ்விடங்களைப் பஞ்சால் சுற்றி உடலோடு சமமாக நிரப்பிவிட வேண்டும். அதன்மேல் நைந்த பருத்திச் சேலைத் துண்டைச் சுற்ற வேண்டும். செய்தித்தாளை நேரே சுற்றினால் அச்சுமை வண்ணத்தில் ஒட்டும்; காற்றுக் குமிழித் தாளை நேரே சுற்றினாலோ வெப்பத்தில் அந்தக் குமிழிகளின் தடம் வண்ணத்தில் பதியக்கூடும். துணிக்கு மேலேதான் அதைச் சுற்ற வேண்டும். பொம்மைக்கும் பெட்டிக்கும் நடுவே நாற்புறமும் மூன்று விரற்கடை இடைவெளி விட்டு, அதைக் கசக்கிய தாளால் நிரப்ப வேண்டும். இந்தப் பெட்டியை இன்னொரு பெரிய பெட்டிக்குள் வைத்தால் மேலும் நலம். முடிவில் பெட்டியை மெல்ல அசைத்துக் காதில் வைத்துக் கேளுங்கள். உள்ளே ஏதேனும் நகரும் ஓசை கேட்டால் பிரித்து மீண்டும் கட்டுங்கள்.

அடுத்தது பாதுகாப்புச் சோதனை. மண்ணும் சுண்ணச் சாந்தும் அடர்த்தி மிக்கவை. எக்ஸ்-கதிர் படத்தில் இருண்ட உருவமாகத் தெரியும். அதிகாரி பெட்டியைத் திறக்கச் சொன்னால் அது அவர் கடமை. ஆகவே பிரிக்க முடியாதபடி நாடாவை ஒட்டாமல், அவிழ்த்துக் கட்டக்கூடிய கயிற்றால் கட்டுவதே நல்லது. எந்த மாநிலத்து அதிகாரியாயினும் 'நவராத்திரி' என்றால் அவருக்குப் புரியும். வடக்கே இருப்பவரிடம் 'மிட்டி கீ மூர்த்தி' என்று சொல்லுங்கள். துர்க்கையின் உலோகச் சூலம், இராமனின் கூரிய அம்பு ஆகியவை தனியே கழலுமானால் கழற்றி ஒப்படைக்கும் பெட்டியில் வைத்துவிடுங்கள். விளையாட்டுத் துப்பாக்கியையும் கைப்பையில் கொண்டு செல்ல இயலாது. உதிர்ந்த வண்ணத்தைச் சரிசெய்ய எனாமல் வர்ணமும் வார்னிஷும் எடுத்துச் செல்ல எண்ண வேண்டாம். தீப்பற்றும் பொருள்கள் விமானத்தில் ஏறா. கொப்பரைத் தேங்காய்க்கும் அனுமதி இல்லை. எண்ணெய் மிகுந்த அது தானே சூடேறித் தீப்பற்றக்கூடியது.

ஒப்படைக்கும் பெட்டியில் 'உடையக்கூடியது' என்று ஒரு சீட்டை ஒட்டுவார்கள். அச்சீட்டைக் கண்டு மனம் முழுவதும் ஆறிவிட வேண்டாம். உடைந்தால் நிறுவனம் பொறுப்பல்ல என்னும் வாசகத்தின் கீழ் நம் கையொப்பம் பெறுவதும் உண்டு. கையொப்பமிடுமுன் அதைப் படித்துப் பாருங்கள். இழக்க மனமில்லாத பொம்மையை அந்தப் பெட்டியில் வைக்காதீர்கள். அதன் இடம் கைப்பெட்டி.

இழக்க மனமில்லாதது எது? இங்கேதான் இரண்டாவது கேள்வி எழுகிறது. ஊரில் பெற்றோர் முதுமையடைகிறார்கள்; அல்லது மறைந்துவிடுகிறார்கள். வீடு கைமாறுகிறது. பரணிலிருந்து பொம்மைப் பெட்டிகள் இறங்குகின்றன. ஒன்பது படிக் கொலுவுக்கு உரிய அத்தனை பொம்மைகளும் கூடத்தில் பரப்பப்பட்டிருக்க, நாளை மறுநாள் விமானம் ஏற வேண்டிய மகள் அவற்றின் நடுவே நிற்கிறாள். அத்தனையையும் தூக்க முடியாது. அத்தனையையும் விட்டுவிட மனமும் வராது. பல வீடுகளில் இந்தத் தயக்கத்திலேயே நாள் கழிந்து, கடைசி நேரத்தில் முழுத் தொகுதியும் அடையாளம் தெரியாத கைகளுக்குப் போய்விடுகிறது.

அந்த மகளுக்கு ஒரு யோசனை சொல்லலாம். பொம்மையின் விலையையோ உயரத்தையோ பார்க்க வேண்டாம். 'இதைப் பற்றிச் சொல்ல எனக்கு என்ன இருக்கிறது?' என்று ஒவ்வொன்றையும் பார்த்துக் கேட்டுக்கொள்ளட்டும். பாட்டிக்குக் கல்யாணத்தில் வந்த மரப்பாச்சி முதலில் எழுந்து வரும். அது மரம், உடையாது. செஞ்சந்தனத்தால் ஆனதாயின் உள்நாட்டில் வீட்டுப் பொருளாகக் கொண்டு செல்வதில் சிக்கலில்லை. அம்மரம் பன்னாட்டு வாணிபக் கட்டுப்பாட்டில் உள்ளதால் கடல் கடந்து கொண்டு போகிறவர்கள் மட்டும் விதிகளை முன்னரே விசாரித்துக்கொள்ள வேண்டும். அடுத்து, தாய் தம் கையால் வாங்கிய முதற்பொம்மை. தம்பி கீழே போட்டு மூக்குடைந்து, தந்தை பசை வைத்து ஒட்டிய செட்டியார். இப்படி ஐந்தோ ஆறோ தேறும். ஒரு கைப்பெட்டிக்கு அவ்வளவே போதும்.

எஞ்சியவற்றை விற்க வேண்டியதில்லை. ஊரிலேயே கொலு வைக்கும் உறவினரிடமோ, நவராத்திரி கொண்டாடும் கோயிலிடமோ, பள்ளிக்கூடத்திடமோ ஒப்படைக்கலாம். பரணில் உறங்குவதைவிட, எந்த வீட்டிலாவது படியேறி நிற்பதே பொம்மைக்குப் பெருமை.

அப்படியானால் டில்லி வீட்டில் மற்றப் படிகள் வெறுமையாக இருக்குமே என்பீர்கள். ஆண்டுக்கு ஒரு புதுப் பொம்மையேனும் சேர்க்க வேண்டும் என்பது கொலுவின் மரபு. ஊருக்குப் போய் வரும்போதெல்லாம் விளாச்சேரியிலோ காஞ்சியிலோ ஒன்றே ஒன்று வாங்கினால், அது தராசுக்கும் அடங்கும். அந்தக் கைவினைஞருக்கும் ஆதரவாகும். மீதிப் படிகளை நாம் வாழும் மண்ணே நிரப்பட்டும். கல்கத்தாவில் இருப்பவர்களுக்குக் கிருஷ்ணநகரத்து மண் உருவங்கள் உண்டு. பெங்களூரில் இருப்பவர்களுக்கு அரக்கு பூசிய சென்னப்பட்டணத்து மரப் பொம்மைகள் உண்டு. ஆந்திரத்தில் வாழ்வோருக்குக் கொண்டபள்ளி இருக்கிறது. காசியில் மரக் கடைசல் பொம்மைகள் கிடைக்கின்றன. பம்பாயில் தாராவியின் கும்பார்வாடாவிலும் டில்லியில் உத்தம் நகரிலும் குயவர்கள் சக்கரம் சுற்றுகிறார்கள். நம் செட்டியாரின் கடைக்கு அருகே கிருஷ்ணநகரத்து மீன்காரி அமர்ந்தால் கொலுவுக்குக் குறைவொன்றும் இல்லை. நாம் வாழும் வாழ்வு அதில் தெரியும்.

இறுதியாக ஒன்று. ஒவ்வொரு பொம்மையையும் கட்டுமுன், ஒரு சிறு தாளில் அது யாருடையது, எந்த ஊரில் யார் வாங்கியது என்று தமிழில் எழுதி, அதன் அடிப்பக்கத்தில் செருகிவிடுங்கள். தாய் அருகில் இருந்தால் அவரைச் சொல்லச் சொல்லி எழுதிக்கொள்ளுங்கள். அதற்கு ஒரு மாலைப் பொழுதை ஒதுக்குங்கள். விஜயதசமி இரவில் ஒரு பொம்மையைப் படுக்க வைத்துக் கொலுவைக் கலைக்கும்போது, நம் குழந்தைகள் அந்தத் தாளை எடுத்து வாசிக்கட்டும். தமிழ் எழுத்தே பழகாமல் வளரும் பிள்ளையாயினும், 'இது என்ன எழுதியிருக்கிறது?' என்று கேட்கும். அந்தக் கேள்விக்கு விடை சொல்ல நாம் அருகில் இருந்தால் போதும்.