காருக்குச் சரிவு, காலுக்குப் படி



பெங்களூரில் நம் ஆடுகோடியிலிருந்து நிமான்ஸ் மருத்துவமனை பக்கம். கித்வாய் புற்றுநோய் மருத்துவமனையும், சஞ்சய் காந்தி எலும்பு மருத்துவமனையும் அதையொட்டியே இருக்கின்றன. ஊன்றுகோலும் சக்கர நாற்காலியுமாக மக்கள் வந்துபோகும் வட்டாரம் இது.

இங்குள்ள தெருக்களில் ஒரு வேடிக்கை உண்டு. கார் ஏறுவதற்கு வீட்டு வாசலில் சிமென்ட் சரிவு போட்டிருப்பார்கள். நாலு வீடு தள்ளி நடைபாதை முடியும் இடத்திலோ முக்கால் அடி பள்ளம். கார் குலுங்காமல் வீட்டுக்குள் போகிறது. கைத்தடி ஊன்றிய பாட்டி சாலையில் இறங்கி, பைக்குகளுக்கு நடுவே நடக்கிறார்.

சரிவு போட்டுவிட்டால் மட்டும் போதுமா? ஒரு அடி ஏற பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்பது கட்டட விதி. கூட்டம் நடத்தும் மண்டபத்து வாசலில் மூன்று படி, ஒன்றரை அடி உயரம் என்றால் சரிவு பதினெட்டு அடி நீள வேண்டும். நாலடியில் முடித்தால் அது சறுக்குமரம்! நாற்காலியைத் தள்ளிப் பார்த்தவருக்குத்தான் இந்தக் கணக்கின் அருமை தெரியும்.

விடாமல் கேட்டால் கிடைக்கும் என்பதற்குச் சென்னை மெரினா கடற்கரையைப் பாருங்கள். சக்கர நாற்காலியில் வந்தவர்கள் மணல் தொடங்கும் இடத்திலேயே நிற்க வேண்டியிருந்தது. மாற்றுத்திறனாளிகள் ஆண்டுக்கணக்கில் கேட்டார்கள். முதலில் டிசம்பரில் சில நாட்களுக்கு மட்டும் தற்காலிகப் பாதை கிடைத்தது. விடாமல் கேட்டார்கள். 2022 நவம்பர் 27 அன்று 263 மீட்டர் நீள மரப்பாதை திறக்கப்பட்டது. இரண்டே வாரத்தில் மாண்டஸ் புயல் அதன் ஒரு பகுதியைப் பெயர்த்துப் போட்டது. மாநகராட்சி அதைச் சீர்செய்து மறுபடியும் திறந்தது.

இப்படிச் சரிவும் பாதையும் அமைப்பதைச் சலுகை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இதை உரிமையாக்கியது. பார்வையற்றவரான ராஜீவ் ரதுரி 2005-இல் தொடுத்த வழக்கில், அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாயமாக்க வேண்டும் என்று 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. சரிவு வந்தால் சிலிண்டர் சுமப்பவருக்கும், குழந்தை வண்டி தள்ளும் தாய்க்கும் அதில் பங்குண்டு.

நம் தமிழ்ச் சங்க நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்துக்கு இடம் பேசும்போது, மாடிப்படி ஏற முடியாத உறுப்பினர் ஒருவரை உடன் அழைத்துப் போங்கள். கழிப்பறை வரை அவர் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும். அவர் சரி என்று சொன்ன பிறகு முன்பணம் கொடுங்கள்.