கூலிக்கு வந்தவர்



இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஒளிந்து வாழ்ந்த யூதக் குடும்பம் என்றதும் ஆம்ஸ்டர்டாமும் ஆன் ஃபிராங்கும்தான் நம் நினைவுக்கு வரும். ஆன் ஒளிந்திருந்த வீட்டுப் பரணில் ஜன்னல் இருந்தது. வெளியே ஒரு மரம் தெரிந்தது. நான் இன்று பேச எடுத்துக்கொண்ட குடும்பத்துக்கு அதுகூட இல்லை. அவர்கள் 14 மாதம் ஊர்ச் சாக்கடைக்குள் இருந்தார்கள்.

ஊர் லிவிவ். இன்று உக்ரைனில் இருக்கிறது. போருக்கு முன் போலந்தில் இருந்தது. ஜெர்மானியர்கள் அதை லெம்பெர்க் என்பார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்கள் வாழ்ந்த நகரம் அது. 1939இல் சோவியத் படை வந்தது, 1941 ஜூன் இறுதியில் ஜெர்மன் படை வந்தது. பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும்: யூதர்களை அடைத்துவைத்த கெட்டோ, வேலை முகாம், கொலை முகாம்களுக்கு ரயில். துணிக்கடை நடத்திய இக்னாசி ஹிகர், மனைவி பவ்லினா, மகள் கிறிஸ்டினா, மகன் பாவெல் ஆகிய நால்வரும் கெட்டோவுக்குள் அடைபட்டார்கள். சாக்கடைக்குள் போனபோது மகளுக்கு ஏழு வயது, மகனுக்கு நான்கு.

கெட்டோவை ஒரேயடியாக அழித்துவிடப்போகிறார்கள் என்பதை இக்னாசியும் சிலரும் முன்பே ஊகித்துவிட்டார்கள். ஒரு நிலவறைத் தரையில் இரவிரவாகக் குழி தோண்டினார்கள். கருவி என்று பெரிதாக ஒன்றுமில்லை, கரண்டியும் முள்கரண்டியும்தான். குழி சாக்கடையில் போய்த் திறந்தது. அங்கே அவர்கள் எதிரே வந்து நின்றவர் லெயோபோல்ட் சோஹா, நகராட்சிச் சாக்கடைத் தொழிலாளி. கூடவே வ்ரூப்லெவ்ஸ்கி, கோவாலோவ் என்று இரண்டு கூட்டாளிகள்.

சோஹா ஒரு காலத்தில் திருடர், சிறைக்குப் போய் வந்தவர். ஜெர்மன் ஆக்கிரமிப்பில் இருந்த போலந்தில் யூதரை ஒளித்துவைத்தால் மரண தண்டனை, காட்டிக்கொடுத்தால் பரிசு. சோஹா இரண்டையும் எடைபோட்டுப் பார்த்திருப்பார். போலந்துப் பணத்தில் நாளொன்றுக்கு 500 ஸ்லோட்டி கேட்டார். பேரம் படிந்தது.

இந்த 500 ஸ்லோட்டியைச் சொல்லாமல் தாண்டிப் போகிறவர்கள் உண்டு. நல்லவரை முதலிலிருந்தே நல்லவராகக் காட்டிவிட வேண்டும் என்ற ஆசை. எனக்கு அந்தக் கூலிதான் இந்தக் கதையின் ஆணிவேர் என்று படுகிறது. பேசியது நாள் கூலி. ஆகவே அவர் அடிக்கடி உள்ளே இறங்க வேண்டியிருந்தது. அதே முகங்களைப் பார்க்க வேண்டியிருந்தது. முதல் தடவையே தியாகம் செய்யச் சொல்லியிருந்தால் சோஹா சாக்கடை மூடியைச் சாத்திவிட்டுப் போயிருப்பார் என்றே நினைக்கிறேன்.

1943 மே முடிந்து ஜூன் பிறக்கும் வேளையில் கெட்டோ அழிக்கப்பட்டது. அந்தக் களேபரத்தில் சாக்கடைக்குள் குதித்தவர்கள் ஏராளம். நகருக்கு அடியில் ஓடும் பொல்த்வா ஆறு பலரை இழுத்துக்கொண்டு போனது. ஹிகர்களின் உறவினர் ஒருவரும் அதில் போனார். சோஹாவின் பொறுப்பில் 21 பேர் தங்கினார்கள். சிலர் தாங்க முடியாமல் வெளியேறினார்கள். ஒரு மூதாட்டி உள்ளேயே இறந்தார். ஒரு பெண்ணுக்குக் குழந்தை பிறந்தது. அழுகுரல் மேலே கேட்டால் எல்லோருக்கும் முடிவு. குழந்தை உயிரோடு விடப்படவில்லை. அதைப் பற்றி இதற்கு மேல் பேச எனக்குத் தகுதி இல்லை.

எஞ்சியவர்கள் ஒரு தேவாலயத்துக்கு அடியில், நிமிர்ந்து நிற்க முடியாத இடத்தில் குடியிருந்தார்கள். கார்பைடு விளக்கு. ரொட்டியை எலிகளிடமிருந்து காப்பாற்றுவதே ஒரு தனி வேலை. சுற்றிலும் தண்ணீர், குடிக்கத்தான் இல்லை. ஆண்கள் குறுகிய குழாய்களில் ஊர்ந்து போய், பாத்திரத்தின் பிடியைப் பல்லால் கவ்விக்கொண்டு, நல்ல தண்ணீர் சொட்டும் இடத்திலிருந்து கொண்டுவருவார்கள். மழை பெய்து நீர் மட்டம் ஏறியபோது குழந்தைகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

சோஹா ரொட்டி கொண்டுவந்தார், செய்தித்தாள் கொண்டுவந்தார், அழுக்குத் துணியை எடுத்துப்போய்த் துவைத்துக் கொண்டுவந்தார். வெள்ளிக்கிழமை மாலை பவ்லினா விளக்கேற்றும் வழக்கமுள்ளவர் என்று தெரிந்ததும் மெழுகுவர்த்தி வந்தது. யூதர்களின் பாஸ்கா பண்டிகை நாட்களில் ரொட்டி சாப்பிடக் கூடாது என்று தெரிந்ததும் உருளைக்கிழங்கு வந்தது. பேரத்தில் இல்லாத சரக்குகள் இவை.

ஒரு கட்டத்தில் கிறிஸ்டினா பேச்சை நிறுத்திக்கொண்டாள், சாப்பாடும் இறங்கவில்லை. சோஹா அவளைக் கூட்டிக்கொண்டு குழாய்களின் வழியே வெகு தூரம் போனார். தெருவின் இரும்புக் கிராதிக்கு நேர் கீழே நிறுத்தி, தோளுக்கு உயர்த்திப் பிடித்து, மேலிருந்து விழும் வெளிச்சத்தைப் பார்க்கச் சொன்னார். அதற்குப் பிறகு அவள் மெல்லத் தேறினாள்.

பிறகு ஹிகர்களின் பணம் தீர்ந்தது. சோஹா வருவதை நிறுத்தவில்லை. ரொட்டிச் செலவைத் தன் கையிலிருந்து போட்டார்.

1944 ஜூலை இறுதியில் சோவியத் படை நகரைப் பிடித்தது. மூடியைத் திறந்து சோஹா கூப்பிட்டார். 10 பேர் ஏறி வந்தார்கள். பெரியவர்களுக்கு முதுகு நிமிரவில்லை. வெளிச்சம் கண்ணைச் சுட்டது. பாவெல் மறுபடியும் உள்ளே போக வேண்டும் என்று அழுதான். அவனுக்கு நினைவு தெரிந்த வீடு அதுதானே.

போருக்குப் பிறகு எல்லைகள் மாறின. சோஹா மேற்கே போலந்தின் கிளிவீட்சே நகரில் குடியேறினார். 1946 மே மாதம் மகளோடு சைக்கிளில் போய்க்கொண்டிருந்தபோது சோவியத் ராணுவ லாரி ஒன்று அவள் மேல் ஏற வந்தது. சைக்கிளைக் குறுக்கே செலுத்தி மகளைத் தள்ளிவிட்டார்; அவர் அடிபட்டு இறந்தார். யூதர்களுக்கு உதவியதற்குக் கடவுள் கொடுத்த கூலி இது என்று ஊரில் சிலர் பேசிக்கொண்டார்கள்.

கிறிஸ்டினா உள்ளே போட்டிருந்த பச்சைக் கம்பளிச் சட்டை, கெட்டோவிலிருந்து பிடித்துச் செல்லப்பட்ட அவள் பாட்டி பின்னியது, இப்போது வாஷிங்டனில் உள்ள ஹோலோகாஸ்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. குழந்தைக்கு எடுத்த அளவு, மிகவும் சின்னது.