மாமாவின் பந்தலில் நான் படித்த பாடம்



மெக்கானிக்கல் படித்தவனுக்குத் திராட்சைத் தோட்டத்தில் என்ன வேலை என்று கேட்பீர்கள். கம்பம் பள்ளத்தாக்கில் என் மாமாவுக்கு ஒரு ஏக்கர் பன்னீர் திராட்சைப் பந்தல் உண்டு. 2018-இல் இலையிலும் பிஞ்சிலும் மாவு தூவினாற்போல் சாம்பல் நோய். "எத்தனை நாளைக்கு மாமா கந்தகமே அடிப்பீங்க? எண்ணெய் அடிச்சா வந்த நோயும் போயிரும்" என்றேன். படித்த பிள்ளை சொல்கிறானே என்று அவரும் சம்மதித்தார்.

நான் சொன்னது பொய்யில்லை. இந்தப் பூஞ்சாணம் இலையின் மேற்பரப்பிலேயே படர்ந்து வாழ்வது. பயிருக்கென்றே சுத்திகரித்த கனிம எண்ணெயை 10 லிட்டர் தண்ணீருக்கு 100 மில்லி கலந்து அடித்தால், பட்ட இடத்தில் அது மடியும். படாத இடத்தில் பிழைத்துக்கொள்ளும். எனவே எண்ணெய் மேலே மிதக்காதபடி டேங்க்கில் ஒரு கலக்கி பொருத்தினேன். இலையின் அடிப்பக்கமும் நனையும்படி நாசிலைத் திருப்பி வைத்தேன். எனக்கு ஒரே பெருமை!

நான்கு நாளில் இலையெல்லாம் கருகிவிட்டது. கந்தகம் அடித்த இலையில் எண்ணெய் பட்டால் பொசுங்கும். இரண்டுக்கும் நடுவே இரண்டு வாரமாவது இடைவெளி வேண்டும். மாமா கந்தகம் அடித்து ஐந்து நாள்தான் ஆகியிருந்தது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். நான் கேட்கவே இல்லை. அந்தப் போகத்தில் பாதிக் காய்கூடத் தேறவில்லை. அவர் சொன்னது இவ்வளவுதான்: "விடு மாப்ளே, அடுத்த கவாத்துக்குப் பாத்துக்கிருவோம்."

அடுத்த கவாத்திலிருந்து, என்றைக்கு எதை அடித்தோம் என்று ஒரு நோட்டில் எழுதி வருகிறோம். உச்சி வெயிலில் எண்ணெய் அடிப்பதில்லை. அளவுக்கு மிஞ்சினால் பழத்தில் சர்க்கரை ஏறாது, மேலுள்ள வெண்பூச்சும் போய்விடும். ஆகவே காய் சிறிதாக இருக்கும்போது சில தடவையோடு சரி. அடிச்சாம்பல் நோய் என்பது பெயரில்தான் சொந்தம். அது எண்ணெய்க்கு அடங்காது, போர்டோ கலவைதான் வேண்டும். இப்போது பந்தல் பச்சையாக இருக்கிறது. அந்தக் கலக்கியும் ஓடிக்கொண்டிருக்கிறது.

தம்பி தங்கைகளே, நாளை நீங்களும் புது முறை ஒன்றோடு யார் வீட்டு வாசலிலாவது போய் நிற்பீர்கள். அங்கே நேற்றுவரை என்ன செய்தார்கள் என்று முதலில் கேளுங்கள். நான் கேட்காததற்கு விலை கொடுத்தவர் என் மாமா.