தனி பேஸ் கிட்டார் கச்சேரிக்குப் போகுமுன்

(சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



அடுத்த மாதம் சென்னையில் நடக்கும் தனி பேஸ் கிட்டார் கச்சேரிக்கு நம் குடியிருப்பிலிருந்து வேன் போகிறது. பெயர் கொடுத்த நான்கு குடும்பங்கள் இப்போது பின்வாங்கப் பார்ப்பதாகச் செயலாளர் சொன்னார். காரணம் உங்களுக்கே தெரியும். இரண்டாம் மாடித் தம்பி சாயங்காலங்களில் பேஸ் பழகுகிறார். சுவர் வழியாக வரும் "தும் தும்" சத்தத்தைக் கேட்டவர்கள், "இதுக்கா செஞ்சி, திண்டிவனம் தாண்டிப் போகணும்?" என்கிறார்கள். கேட்பதில் தப்பில்லை.

ஆனால் நீங்கள் இதுவரை கேட்டது அந்த வாத்தியத்தில் பாதிகூட இல்லை. மேல்மலையனூர்க்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். அமாவாசை ராத்திரி ஊஞ்சல் உற்சவத்தின்போது ஜன்னலைச் சாத்திப் பாருங்கள். பாட்டு அடங்கிவிடும், பம்பையின் அடி மட்டும் உள்ளே வரும். உச்ச ஒலியைச் சுவர் தடுக்கும். தாழ்ந்த ஒலியை அவ்வளவாகத் தடுக்காது. நான்கு தந்தி பேஸின் தடித்த தந்தி நொடிக்குச் சுமார் 41 முறை அதிர்கிறது. அந்த ஒலியலையின் நீளம் எட்டு மீட்டருக்கு மேல், நம் ஹாலைவிடப் பெரிது. தம்பி வாசிக்கும் மெட்டு அவர் அறையோடு நின்றுவிடுகிறது. அதிர்வு மட்டும் உங்கள் வீட்டுக்கு வருகிறது.

அரங்கில் இரண்டும் சேர்ந்து கேட்கும். ஆனால் பாட்டு இருக்காது, டிரம்ஸ் இருக்காது. பேஸ் இப்படித் தனியாக மேடை ஏறும் என்று முதலில் யாரும் நினைக்கவில்லை. 1951-இல் லியோ ஃபெண்டர் கம்பெனி விற்பனைக்குக் கொண்டுவந்த பேஸ் கிட்டார், குழுவுக்குப் பின்னால் நின்று அடித்தளம் போடுவதற்கானது. நம் சினிமாவில் இளையராஜா அதற்கென்று தனி மெட்டே கொடுத்தார். ரஹ்மான் பாடல்களில் கீத் பீட்டர்ஸின் பேஸைக் கேட்டிருப்பீர்கள், பெயர்தான் தெரிந்திருக்காது.

1976-இல் ஜாக்கோ பாஸ்டோரியஸ் என்ற அமெரிக்கர் தன் முதல் ஆல்பத்தில் ஒரு காரியம் செய்தார். தந்தியை அழுத்தாமல், சரியான இடத்தில் விரலால் லேசாகத் தொட்டு மீட்டினார். தந்தியின் பாதியில் தொட்டால் ஒரு ஸ்தாயி மேலே போகும், கால் பாகத்தில் தொட்டால் இரண்டு ஸ்தாயி. மணி அடிப்பதுபோல இருக்கும். இதை ஹார்மானிக்ஸ் என்பார்கள். கச்சேரியில் திடீரென்று யாரோ வேறு வாத்தியம் வாசிப்பதாகத் தோன்றினால், அவர் இடது கையைப் பாருங்கள். அதேபோல விக்டர் வூட்டன் கட்டைவிரலை மேலும் கீழும் ஓட்டி, தாளத்தையும் மெட்டையும் ஒரே கையில் கொண்டுவருவார். மும்பையின் மோகினி டே இன்னும் நமக்கு நெருக்கம். அப்பாவும் பேஸ் கலைஞர். மகள் கொன்னக்கோல் சொற்கட்டைப் பேஸில் அப்படியே வாசிப்பார்.

காலடியில் ஒரு பெட்டி இருந்தால் அது லூப் பெடல். நாலு வரி வாசித்து மிதித்தால் அது திரும்பத் திரும்ப ஒலிக்கும், அதன்மேல் அடுத்ததை வாசிப்பார். முன்பே பதிவு செய்துகொண்டு வந்து ஏமாற்றுகிறார் என்று நினைக்க வேண்டாம். அங்கேயே, உங்கள் கண்முன்னால்தான் கட்டுகிறார். எங்காவது தப்பினால் அந்தத் தப்பும் சுற்றிச் சுற்றி வரும்!

தொடக்கத்தில் பத்து நிமிடம் சுருதி சேர்ப்பதுபோலத் தோன்றலாம். ஆலாபனை என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் வேகத்தைக் காட்டும் பகுதி ஒன்று கட்டாயம் வரும். எனக்கு அது அலுப்புத்தான். கைதட்டல் வாங்குவது என்னவோ அதுதான். மெதுவாக வாசிக்கும் இடங்களை விட்டுவிடாதீர்கள்.

ஒலிபெருக்கிக்கு நேர் எதிரேயும் ஓரத்து மூலையிலும் உட்கார வேண்டாம், நடுவரிசை நல்லது. கைக்குழந்தையைக் கூட்டிவராதீர்கள், நெஞ்சு வரை அதிரும். போனில் படம் எடுத்துப் பயனில்லை. அந்தச் சின்ன ஸ்பீக்கரில் தாழ்ந்த ஸ்வரம் கேட்கவே கேட்காது.

தம்பி மேல் வந்த புகாரைச் சங்கம் கச்சேரிக்குப் பிறகு எடுத்துக்கொள்ளும். நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டேன். அதுவரை ஆம்ப்ளிஃபயரைத் தரையில் வைக்காமல் கனமான ஸ்பாஞ்ச் மேல் வைப்பதாகவும், எட்டு மணிக்கு மேல் ஹெட்போனில் மட்டும் பழகுவதாகவும் அவர் ஒத்துக்கொண்டிருக்கிறார். வேனில் அவரும் வருகிறார். சந்தேகத்தை அவரிடமே கேளுங்கள். வராதவர்கள் வியாழனுக்குள் செயலாளரிடம் சொன்னால் அந்த இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடலாம்.