நேற்றை நினைக்கும் மூளையே நாளையைக் காண்கிறது

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

    

மூளையைப் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் பணித்தனர். அச்சொல்லைக் கேட்டதும் நம் தலைமுறையினர் பலருக்கு வகுப்பறையின் கடைசி வரிசையே கண்முன் வருகிறது. "உங்களுக்கெல்லாம் படிப்பு ஏறாது" என்னும் சொல்லைப் பள்ளியில் கேளாதவர் நம்முள் மிகச் சிலரே. கணக்கில் ஒரு சிறுவன் தவறினால் அது அவன் தவறாகக் கொள்ளப்படவில்லை. ஒரு சேரி முழுவதன் மூளைக்கும் உரிய குறையாகக் கொள்ளப்பட்டது.

அளவுகோலைக் கையிலேந்தி இதே சொல்லைச் சொன்ன கற்றோரும் இருந்தனர். 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் சாமுவேல் மார்ட்டன் என்பவர் மண்டையோடுகளில் விதைகளையும் ஈயக் குண்டுகளையும் நிரப்பி அளந்து, மனித இனங்களை மேல்கீழாக வரிசைப்படுத்தினார். இந்தியாவில் 1901ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராயிருந்த ஹெர்பர்ட் ரிஸ்லி, மூக்கின் அகலத்தைக் கொண்டு சாதிகளை அடுக்க முயன்றார். அண்ணல் அம்பேத்கர் 1948இல் வெளியிட்ட தீண்டத்தகாதவர் பற்றிய நூலில் அத்தகைய மூக்களவுகளையே எடுத்தாராய்ந்து, பிராமணரும் தீண்டத்தகாதவரும் ஒரே இனத்தவர் என்றே அவ்வளவுகள் காட்டுகின்றன என நிறுவினார். எதிரியின் அளவுகோலைக் கொண்டே எதிரியின் கணக்கைத் திருத்திய செயல் அது. மண்டையோட்டை அளந்தோர் மூளையின் வேலையை அறிந்தாரில்லை. அவ்வேலை என்ன என்பதற்கு இனி வருவோம்.

மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. உடல் எடையில் ஐம்பதில் ஒரு பங்கேயுள்ள இவ்வுறுப்பு, ஓய்ந்திருக்கும் உடல் செலவிடும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கை உண்கிறது. நாம் வாளாவிருக்கும்போதும் இச்செலவு பெரிதும் குறைவதில்லை. ஏன்? அமெரிக்காவில் செயின்ட் லூயி நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்க்கஸ் ரெய்க்கிலும் அவர் குழுவினரும் 2001இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு வழிகாட்டியது. மூளையின் சில பகுதிகள், புறவேலை ஒன்றில் கவனம் செலுத்தும்போது அடங்குகின்றன. வேலையற்றிருக்கும்போது ஒன்றோடொன்று இசைந்து சுறுசுறுப்படைகின்றன. நெற்றிக்குப் பின்னே நடுவிலும், மூளையின் பின்பக்க உட்புறத்திலும், இருபக்கச் சுவர்களிலுமாகப் பரந்து கிடக்கும் இப்பகுதிகள் ஒரு வலையாக இயங்குகின்றன. திண்ணையில் சும்மா அமர்ந்திருப்பவரைச் சோம்பேறி என்று ஏசுகிறோமே, அவருடைய மூளை அப்போது நேற்றைய பேச்சை அசைபோடுகிறது. நாளைய சந்தையை எண்ணுகிறது. அண்டைவீட்டார் மனத்தில் என்ன உள்ளதென ஊகிக்கிறது.

நேற்றும் நாளையும் ஒரே வலையில் சிக்கியிருப்பதைத் தெளிவாகக் காட்டியவர் கனடா நாட்டின் டொராண்டோ பகுதியில் வாழ்ந்த கென்ட் காக்ரன் என்பவர். 1981இல், தமது முப்பதாம் வயதில், மோட்டார் சைக்கிள் விபத்தில் தலையில் பலத்த காயமுற்றார். பிழைத்தெழுந்த பின்னர் அவர் நன்றாகப் பேசினார், சதுரங்கம் ஆடினார், பள்ளியில் படித்த செய்திகளை அறிந்திருந்தார். தம் வாழ்வில் நிகழ்ந்த நிகழ்ச்சி ஒன்றையேனும் மீண்டும் உள்ளத்தில் காண அவரால் இயலவில்லை. உடன்பிறந்தார் ஒருவர் இறந்ததை ஒரு செய்தியாக அறிவார். அந்த நாளை அறியார். உளவியல் அறிஞர் எண்டல் டல்விங் அவரிடம், நாளை என்ன செய்யப் போகிறீர் என்று வினவினார். விடை இல்லை. நேற்றைப் போலவே நாளையும் அவருக்கு வெறுமையாயிருந்தது. அவர் 2014இல் மறைந்தார்.

2007இல் இலண்டனில் டெமிஸ் ஹசாபிஸ், எலினர் மகுவயர் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு இதனை வலுப்படுத்தியது. மூளையின் உட்பகுதியில் கடற்குதிரை வடிவில் அமைந்த ஹிப்போகாம்பஸ் சிதைந்தவர்களிடம், வெண்மணற் கடற்கரையில் படுத்திருப்பதாக எண்ணிக் காண்பதைக் கூறுமாறு கேட்டனர். அவர்களுள் பெரும்பாலோர்க்கு நீலவானம் தெரிந்தது, மணல் தெரிந்தது. இவை ஒரே காட்சியாகக் கூடவில்லை. நினைவுகூர்தல் என்பது பெட்டியைத் திறந்து பழம்பொருளை எடுப்பதன்று என்பது இதனால் விளங்கும். துண்டுகளைச் சேர்த்து ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டுகிறோம். அதே கொத்துவேலை நாளையின் காட்சியையும் கட்டுகிறது.

கட்டுகிறோம் என்பதனாலேயே பிழையும் புகுகிறது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் பிரெடரிக் பார்ட்லெட் 1932இல் வெளியிட்ட நூலில் ஒரு சோதனையை விவரிக்கிறார். வட அமெரிக்கப் பழங்குடியினர் கதையொன்றை ஆங்கிலேயர்கள் படித்துவிட்டு, நாள்கள் கழித்துத் திரும்பச் சொன்னார்கள். தோணி, அவர்கள் ஊர்ப் படகாக மாறியது. கடல்நாய் வேட்டை, மீன்பிடித்தலாக மாறியது. விளங்காதவை உதிர்ந்துபோயின. யாரும் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. பிறர் கதையைத் தம் பழக்கத்திற்கேற்பத் திருத்திக்கொள்வது மூளையின் இயல்பு. நம் மக்களின் கதையைப் பிறரே எழுதிவந்த காலத்தில் எத்தனை தோணிகள் படகுகளாயினவோ!

பிறர் மனத்தை உணரும்போதும் ஏறத்தாழ இதே மூளைப் பகுதிகள் விழிக்கின்றன. தம் நினைவைக் கொண்டே பிறரை அறிகிறோம் என்று இதிலிருந்து சிலர் விரைந்து முடிவு கட்டினர். மேற்சொன்ன காக்ரன் அம்முடிவை அசைத்தார். பிறர் என்ன எண்ணுகிறார் என ஊகிக்கும் சோதனைகளில் அவர் ஏனையோரைப் போலவே தேறினார் என 2007இல் அறிவிக்கப்பட்டது. பின்னர் 2017இல், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோட்ரிகோ பிராகாவும் ராண்டி பக்னரும் தனித்தனி மனிதரின் மூளையை மிக நுணுகிப் பார்த்து, ஒரு வலை எனக் கருதப்பட்டது அடுத்தடுத்துப் பின்னிக் கிடக்கும் இரண்டு வலைகள் என்று காட்டினர். ஒன்று நினைவுக்கும் வருங்காலக் காட்சிக்கும் மிகுதியாக உழைக்கிறது. மற்றது பிறர் மனத்தை அறிய உழைக்கிறது. அறிவியல் தன் சொல்லைத் தானே திருத்திக்கொள்ளும் முறையை மாணவர்கள் இங்கே கவனிக்க வேண்டுகிறோம். மண்டையோட்டை அளந்தோரிடம் இப்பண்பு இருந்ததில்லை.

இனி முதுமை. வயது ஏறும்போது இவ்வலையின் பகுதிகளுக்கிடையே உள்ள இசைவு தளர்கிறது. முதியோர் பழைய நிகழ்ச்சியைக் கூறுகையில் நுணுக்கங்கள் குறைகின்றன. வரவிருக்கும் நிகழ்ச்சியைக் கற்பனை செய்து கூறும்போதும் அவ்வாறே குறைகின்றன. சொல்வளமும் உலக அறிவும் நெடுநாள் நிற்கின்றன. அல்சைமர் நோயில் படியும் அமிலாய்டு என்னும் புரதமோ, பெரும்பாலும் இவ்வலை அமைந்த இடங்களிலேயே முற்படத் தங்குகிறது.

லான்செட் மருத்துவ இதழ் அமைத்த அறிஞர் குழு 2024இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. முதுமையில் வரும் அறிவுத்தேய்வு நோய்க்கு, மாற்றக்கூடிய 14 காரணங்களை அது கூறுகிறது. அவற்றைக் களைந்தால் உலகில் அந்நோயில் ஏறத்தாழ 45 விழுக்காட்டைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்கிறது. காது மந்தம், இரத்த அழுத்தம், தனிமை முதலியன அப்பட்டியலில் உண்டு. இளமையில் போதிய கல்வி பெறாமையும் அதில் உண்டு. நம் பாட்டன்மாரைப் பள்ளி வாசலுக்கு வெளியே நிறுத்தியவர்கள், அவர்களுடைய கூலியை மட்டும் குறைக்கவில்லை. முதுமைக்கென மூளை சேர்த்துவைக்க வேண்டிய சேமிப்பிலும் கைவைத்தார்கள். இது பெருந்தொகையான மக்களைக் கொண்டு கண்ட கணக்கு. எழுத்தறியாத ஒவ்வொருவரும் நினைவிழப்பர் என்று பொருளன்று. ஊரின் நிலவரலாறு முழுவதையும் நாவில் வைத்திருந்த மூதாட்டியரை நாம் அறிவோம்.

காலம் கடந்துவிட்டதோ என்று இங்கு அமர்ந்திருக்கும் தாய்மார்கள் கேட்கக்கூடும். உத்தரப்பிரதேசத்தில் இலக்னோவுக்கு அருகிலுள்ள சிற்றூர்களில், எழுத்தறியாதிருந்த வயதுவந்தோர்க்கு ஆறு திங்கள் இந்தி எழுத்துகளைக் கற்பித்து, முன்னும் பின்னும் மூளையைப் படமெடுத்தனர். 2017இல் வெளிவந்த அவ்வாய்வின்படி, பார்வைக்குரிய மேற்பகுதியும் மூளையின் ஆழத்திலுள்ள பகுதிகளும் முன்னைவிட இசைந்து இயங்கின. ஆறு திங்கள்தாம்! நம் மாலை வகுப்பின் ஒரு சுற்றும் ஏறக்குறைய அவ்வளவே.

இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். வெள்ளி விழாவை ஒட்டி மூத்தோர் நினைவுகளை எழுதித் தொகுக்கக் கழகம் கருதியுள்ளது. ஒரு பெரியவரிடம் சென்று "அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று பொதுப்படக் கேட்டால் துண்டுகளே கிடைக்கும். இடத்தைக் கேளுங்கள், அன்று மழையா வெயிலா, பக்கத்தில் யார் நின்றார், என்ன உண்டார் எனக் கேளுங்கள், காட்சி தானே கூடிவரும். அவர் பயன்படுத்தும் சொல்லை நூல்வழக்குக்கு மாற்றாமல் எழுதுங்கள். உங்களுக்கு விளங்காத சொல்லை விட்டுவிடாமல் எழுதி, அருகே ஒரு கோடிடுங்கள். இரு பெரியவர் சொல்வது மாறுபட்டால் இரண்டையும் எழுதுங்கள். காது மந்தமானவர்க்கு எதிரே அமர்ந்து, ஒலிபெருக்கி ஓயும் நேரம் பார்த்துப் பேசுங்கள். இப்பணிக்குப் பெயர் கொடுப்பதற்கான ஏடு கழக அலுவலகத்தில் வைக்கப்பட்டுள்ளது.