காக்க வந்த படையும் ஆள வந்த படையும்

மேலை நாடுகள் பிற மண்ணில் நடத்தும் போர்கள் தற்காப்பா, ஏகாதிபத்தியமா என்று ஆராயக் கூடியிருக்கிறோம். கான் சாகிப் என்ற யூசுப் கானின் பெயரால் வழங்கும் இந்தக் கான்சாபுரம் அதற்கு மிகவும் ஏற்ற இடம். படையெடுத்தவர் சொன்ன காரணத்தை வைத்து ஒரு போரை எடைபோட முடியாது. ஆபத்து தீர்ந்த பிறகு வரியும் ஆட்சியும் யார் கைக்குப் போயின என்பதே உரைகல் என்பது என் துணிபு.

1755-ல் கர்னல் ஹெரான் தலைமையில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பெனிப் படை மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் வந்தது. ஆர்க்காட்டு நவாபு முகமது அலியின் அதிகாரத்தை நிலைநாட்டவே வந்தோம் என்றார்கள். நவாபோ போர்ச் செலவுக்காகக் கும்பெனிக்குக் கடன்பட்டிருந்தார். தென்பாளையங்களில் தண்டும் பணமே கடனை அடைக்கும் வழி. பிரெஞ்சுக்காரரைப் பற்றிய அச்சம் 1761 தொடக்கத்தில் புதுச்சேரி வீழ்ந்ததும் பெரிதும் தணிந்தது. பாளையங்கள் மீதான நெருக்குதல் தணியவில்லை. அதே ஆண்டில் பாளையக்காரர் பூலித்தேவரின் கோட்டைகளை வீழ்த்திய கும்பெனித் தளபதி யூசுப் கான், பிறகு தாமே எதிர்த்து நின்றபோது மதுரையில் முற்றுகையிடப்பட்டு, 1764 அக்டோபர் 15 அன்று தூக்கிலிடப்பட்டார். 1792 உடன்படிக்கை பாளையங்களில் கப்பம் தண்டும் உரிமையைக் கும்பெனிக்குத் தந்தது. 1801-ல் கர்நாடக ஆட்சி முழுவதும் அதன் கைக்கு வந்தது.

இக்காலத்துக்கு வருவோம். ஈராக்கில் அமெரிக்கா ஒரு பிடி மண்ணையும் தன் நாட்டோடு சேர்த்துக்கொள்ளவில்லையே, அதை எப்படி ஏகாதிபத்தியம் என்பது என்று கேட்பவர்கள் உண்டு. 1755 முதல் 1801 வரை, 46 ஆண்டுகள், இங்கும் பெயரளவில் நவாபு ஆட்சிதான் நடந்தது. நாட்டை இணைத்துக்கொள்ளாமலே ஆளலாம் என்பதற்கு நம் வட்டாரமே சான்று. 2003-ல் ஈராக்கில் நுழையக் காரணமாகச் சொன்ன பேரழிவு ஆயுதங்கள் கிடைக்கவில்லை. ஆனாலும் அந்நாட்டின் ஆட்சி அமைப்பையும் பொருளாதார விதிகளையும் ஆக்கிரமித்தவர்களே மாற்றி எழுதினார்கள். 2011-ல் லிபியாவில் பொதுமக்களைக் காக்க ஐ.நா. தந்த அனுமதி, ஆட்சிக் கவிழ்ப்பாக முடிந்தது என்று 2016-ல் பிரிட்டன் நாடாளுமன்றக் குழுவே குறை கூறியது.

பாளையக்காரர்களும் லிபியாவை ஆண்ட கடாபியும் குடிமக்களிடம் நீதியோடு நடந்தார்களா என்பது இன்னொரு கேள்வி. நடக்கவில்லை என்றே வைத்துக்கொண்டாலும், அவர்களைத் திருத்தும் உரிமை அந்தந்த நாட்டு மக்களுடையது. கடல் கடந்து வந்தவர்க்கு அதனால் பட்டயம் கிடைத்துவிடாது. அதே உரைகல்லில் உரைத்தால், 1991-ல் குவைத்தை மீட்ட போரை வேறாகவே வைக்க வேண்டும். அங்கே ஐ.நா. ஒப்புதல் இருந்தது, பறிபோன நாடு அதன் அரசிடமே திரும்பியது. மேற்கின் போர்கள் அனைத்தையும் ஒரே சொல்லால் தீர்த்துவிடுவது ஆய்வாகாது.

ஆகவே, இங்கே கட்டுரை படிக்க வந்துள்ளவர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான். போர் அறிவிப்புகளைப் படிப்பதோடு நில்லாமல், போருக்குப் பிந்தைய வரிக் கணக்கையும் உடன்படிக்கைகளையும் தேடிப் படியுங்கள். தீர்ப்பு அவற்றில்தான் இருக்கிறது. மாநாட்டைத் தொடங்கி வைக்கிறேன்.